குடும்பத்தோடு ஊர் சுற்ற எந்த ஃபிலிம் கேமரா?

பசங்களையும் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு மைசூர் மாதிரி ஊருக்குப் போறீங்களா? லென்ஸ் மாத்துற பெரிய எஸ்எல்ஆர் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். அந்த வகையில நிக்கான் எஃப்எம்2 லென்ஸ் இல்லாமலே அரை கிலோவுக்கு மேல. நீங்க ஃபோகஸைத் திருகி முடிக்கறதுக்குள்ள பொண்ணு தேவராஜா மார்க்கெட் பூக்கடைக்குள்ள ஓடியிருப்பா.

என் ஓட்டு ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கு. 1967-ல வந்த கேமரா, பேட்டரியே வேண்டாம். லென்ஸ் வளையத்துல ஒரு ஆள், ரெண்டு பேர், மூணு பேர், மலைன்னு நாலு குட்டிப் படம். ஆள் எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு பார்த்துத் திருப்பினா ஃபோகஸ் ஆயிடும்; மூணு பேர் படத்துல வெச்சா சுமார் 3 மீட்டர். பகல் வெயில்ல அதிலேயே விட்டுடலாம். ஐஎஸ்ஓ 400 (வெளிச்சத்தை உணர்ற வேகம்) ஃபிலிம் போதும்.

பழசு வாங்கினா ஒண்ணு பாருங்க: லென்ஸ் வளையத்தை ‘ஏ’-ல (ஆட்டோ) வெச்சு, ஃபிலிமைச் சுத்திட்டு, லென்ஸைச் சுத்தி மினுமினுக்கிற, வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை உள்ளங்கையால முழுசா மூடி பட்டனை அழுத்துங்க. வெளிச்சம் பத்தலைன்னு கண் வெச்சுப் பார்க்கிற ஜன்னலுக்குள்ள சிவப்புக் கொடி எழும்பி, பட்டன் நின்னுடணும். அப்படியே படம் விழுந்துட்டா மீட்டரை நம்பாதீங்க.

ஞாயிறு ராத்திரி அரண்மனை விளக்கு போடும்போதும் அதே கொடி எழும்பலாம். அதுக்கு ஃபோன் இருக்கே!

விமானத்துல போனா ஃபிலிமைக் கைப்பையில வெச்சு, ஸ்கேனர்ல விடாம கையால பார்க்கச் சொல்லிக் கேளுங்க.