‘12 லட்சம் வரை வரி இல்லை’: பட்ஜெட் செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையை முடித்த கையோடு, ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிட்டது. செய்தி பொய்யில்லை. ஆனால் எந்த ஆண்டுக்கு, எந்த முறையில், எந்த வருமானத்துக்கு என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கவில்லை.

ஆண்டைக் குழப்பிக்கொண்டவர்கள்தான் அதிகம். அந்த அறிவிப்பு 2025 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கானது. 2025-இல் தாக்கல் செய்த கணக்கோ 2024-25 வருமானத்துக்கு. அதற்கு எல்லை 7 லட்சம்தான். அந்த ஆண்டில் கழிவுகள் போக 10 லட்சம் வருமானம் உள்ளவருக்குப் புதிய முறையில் (விகிதம் குறைவு, ஆனால் பழைய முறையின் பெரும்பாலான கழிவுகள் கிடையாது) செஸ் எனும் கூடுதல் வரி சேர்த்து 52,000 ரூபாய் வரி உண்டு. ‘அதான் 12 லட்சம்னு சொல்லிட்டாங்களே’ என்பது அங்கே செல்லாது.

அடுத்தது, 12 லட்சத்தை வரிவிலக்கு வரம்பு என்று நினைப்பது. 2025-26-க்கான புதிய முறையில் உண்மையான வரம்பு 4 லட்சம். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம் என்று வரி கணக்காகத்தான் செய்கிறது. 12 லட்சத்துக்கு அது 60,000 ரூபாய். வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு அந்த 60,000-ஐத் தள்ளுபடி செய்கிறது, அவ்வளவுதான். சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் இருப்பதால் அவர்களுக்கு 12.75 லட்சம்.

விலக்கோ தள்ளுபடியோ, கட்டப்போவதில்லை என்றால் எதுவாக இருந்தால் என்ன என்று தோன்றும். பங்குச் சந்தைப் பக்கம் போனவர்களுக்கு அங்கேதான் அடி விழுகிறது. சம்பளம் கழிவு போக 9 லட்சம், ஓராண்டுக்குள் வாங்கி விற்ற பங்குகளில் லாபம் 2 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 11 லட்சம், 12-க்குள்தான். சம்பளத்துக்கான 30,000 ரூபாய் வரி தள்ளுபடியாகிவிடும். பங்கு லாபத்துக்கு 20 சதவீதம் என்று தனி விகிதம் இருப்பதால் அதற்குத் தள்ளுபடி கிடையாது. 40,000 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 41,600 ரூபாய் கட்ட வேண்டும்.

கணக்கே தாக்கல் செய்யத் தேவையில்லை என்று இருந்துவிடுவதும் இதே குழப்பத்தின் பிள்ளைதான். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தாக வேண்டும், வரி பூஜ்யமாக இருந்தாலும். செய்தால்தான், சம்பளத்திலோ வட்டியிலோ முன்கூட்டியே வரியாகப் பிடித்த டிடிஎஸ் பணமும் திரும்பி வரும்.

12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள் வேறு மாதிரி பயப்படுகிறார்கள்: பத்தாயிரம் கூடினால் அறுபதாயிரம் போய்விடுமே என்று. போகாது. 12,10,000 ரூபாய்க்கு அட்டவணைப்படி 61,500 வந்தாலும், கூடுதலாக வந்த 10,000-க்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. செஸ் சேர்த்து 10,400 ரூபாய். இந்தச் சலுகை ஏறக்குறைய 12.7 லட்சம் வரை வேலை செய்யும். சம்பள உயர்வு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்!

மார்ச் மாதத்தில் நடக்கும் ஒரு தவறு எனக்கு எரிச்சலூட்டும். ‘டாக்ஸ் மிச்சம் சார்’ என்று சொல்லி ஒரு இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டுவார்கள். நாம் இருப்பது புதிய முறை என்றால், இன்சூரன்ஸ் பிரீமியம், சேமிப்பு போன்றவற்றுக்கான 80சி கழிவே கிடையாது. மிச்சமாகும் வரி பூஜ்யம், பிரீமியம் மட்டும் வருடாவருடம் போகும். நாமாக மாற்றிச் சொல்லாவிட்டால் 2023-24 முதல் புதிய முறைதான் பொருந்தும் என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, பழைய முறை யாருக்கு லாபம்? 20 லட்சம் சம்பளக்காரருக்கு, நிலையான கழிவு தவிர இன்னும் சுமார் 7 லட்சம் ரூபாய் கழிவு இருந்தால்தான் அது புதிய முறைக்குச் சமமாகும். வீட்டு வாடகைப்படி, வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் சேர்ந்தால் சிலருக்கு அது எட்டும். அப்படிப்பட்டவர்கள் கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்துவிட வேண்டும். தேதி தாண்டிவிட்டால் பழைய முறையைக் கேட்க முடியாது.

வங்கி வட்டியிலும் ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரல் முதல், ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி டிடிஎஸ் பிடிக்கும். 60 வயதானவர்களுக்கு 1 லட்சம். பிடிக்கவில்லை என்பதற்காக வட்டியைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அது வருமானம்தான், துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் அது தெரியும்.

கடைசியாக, பட்ஜெட் அன்று மாலை வரும் ‘விலை குறையும் பொருட்கள்’ பட்டியல். அதை நம்பிக் கடைக்குப் போக வேண்டாம். பெரும்பாலான பொருட்களின் வரி ஜிஎஸ்டி. அதை முடிவு செய்வது மாநில நிதி அமைச்சர்களும் இருக்கும் ஜிஎஸ்டி கவுன்சில். 2025 செப்டம்பர் 22-இல் ஏராளமான பொருட்கள் 5, 18 சதவீதங்களுக்கு மாறியபோது எந்த பட்ஜெட்டும் வரவில்லை. பட்ஜெட்டில் நேரடியாக மாறுவது முக்கியமாகச் சுங்க வரிதான். பெட்ரோல், டீசல் கலால் வரியைக்கூட 2022 மே, 2025 ஏப்ரல் என்று இடையில்தான் மாற்றினார்கள்.