பழைய பிரவுசரும் நினைவகச் சிதைவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரவுசரை விடாமல் வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் கண்ட தளங்களுக்கும் போவதில்லை, கண்ட லிங்க்கையும் தொடுவதில்லை. எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" வேறு பல ஆபத்துகளில் இந்த எச்சரிக்கை கைகொடுக்கும். நினைவகச் சிதைவு, அதாவது கணினியின் நினைவகத்தை பிரவுசர் தவறாகக் கையாளும் குறை, என்று வந்தால் அது செல்லாது. இதில் நீங்கள் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், எந்தப் பெட்டியிலும் "சரி" என்று அழுத்த வேண்டாம், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். பக்கம் திறந்தால் போதும். அந்தப் பக்கம் நீங்கள் தினமும் படிக்கிற நல்ல தளமாகவே இருக்கலாம். அதற்குள் யாரோ புகுந்து சில வரி நிரலைச் செருகியிருக்கலாம், அல்லது அதில் ஓடும் விளம்பரம் எங்கிருந்தோ அந்த நிரலைக் கொண்டு வந்திருக்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்ற தவறுகளும் தானாகவே கண்ணில் படும். பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் பிரவுசரின் உட்பகுதியை எஞ்சின் என்பார்கள்; அது பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்டது. ஒரு படம், ஒரு பட்டன், ஒரு பத்தி என்று பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அது நினைவகத்தில் இடம் ஒதுக்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தை விடுவிக்கும். விடுவித்த பிறகும் எஞ்சினின் வேறொரு பகுதி அந்த முகவரியை வைத்துக்கொண்டு, பழைய பொருள் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்து வேலை செய்தால் சிக்கல் தொடங்குகிறது. காலி செய்த வீட்டு முகவரிக்கே தொடர்ந்து கடிதம் வருவது போலத்தான் இது. அங்கே புதிதாகக் குடிவந்தவர் கெட்டவராக இருந்தால் எல்லாம் அவர் கைக்குப் போகும். தாக்குபவர் அந்தக் காலி இடத்தில் தான் விரும்பிய தரவை, பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலம் நிரப்பி வைப்பார். எஞ்சின் அதைத் தன்னுடையது என்று நம்பி, அது காட்டும் இடத்துக்குத் தாவும். அந்த நொடியிலிருந்து உங்கள் கணினியில் ஓடுவது அவருடைய நிரல்.

இது வெறும் ஏட்டுக் கதை இல்லை. 2010 ஜனவரி 12 அன்று கூகுள் தன் மீது நடந்த ஊடுருவலை வெளியே சொன்னது; குறைந்தது இருபது பெரிய நிறுவனங்கள் அதே போல் குறிவைக்கப்பட்டதாகவும் சொன்னது. அந்தத் தாக்குதலில் பயன்பட்டது மைக்ரோசாஃப்டின் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்த, மேலே சொன்ன அதே வகைக் குறை. மைக்ரோசாஃப்ட், மாதந்தோறும் திருத்தங்கள் வெளியிடும் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் ஜனவரி 21 அன்றே திருத்தம் வெளியிட்டது. அதற்கு முன்பே ஜெர்மனியும் பிரான்சும் வேறு பிரவுசருக்கு மாறும்படி மக்களிடம் சொல்லியிருந்தன.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: "நான் வேறு பிரவுசருக்கு மாறிவிட்டேன், பழையது சும்மா ஒரு ஓரமாகக் கிடக்கிறது." ஐகானைத் தொடாமல் இருப்பதால் எஞ்சின் ஓடாமல் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சியோலின் இடேவோன் பகுதியில் கூட்ட நெரிசலில் பலர் இறந்தார்கள். அந்தத் துயரச் செய்தியைத் தூண்டிலாக்கி ஒரு வேர்டு ஆவணம் தென்கொரியாவில் பரப்பப்பட்டது. ஆவணம் வெளியிலிருந்து ஒரு டெம்ப்ளேட்டை (ஆவணத்தின் மாதிரிக் கோப்பை) இழுக்கும். டெம்ப்ளேட் ஒரு வலைப்பக்கத்தை இழுக்கும். ஆஃபீஸ் அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எஞ்சினைக் கூப்பிடும். உங்கள் இயல்புநிலை பிரவுசர் எது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஸ்கிரிப்ட் எஞ்சினில், அதாவது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் பகுதியில், இருந்த குறைக்கு (பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2022-41128) நவம்பர் 8 அன்று திருத்தம் வந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2024 ஆகஸ்டில் அதே ஸ்கிரிப்ட் எஞ்சினில் இன்னொரு நினைவகச் சிதைவு திருத்தப்பட்டது. இந்த முறையும் தென்கொரியாதான். இலவச மென்பொருள்களோடு சேர்ந்து வந்து, திரையின் மூலையில் விளம்பரம் காட்டும் ஒரு நிரல், அந்த விளம்பரத்தை வரைவதற்குப் பழைய எஞ்சினைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்த வழியைத் தாக்குபவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு கிளிக் கூடச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆகவே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டு, "குரோம் புதுசாகத்தானே இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பழைய எஞ்சினுக்கான திருத்தங்கள் இயங்குதளத்தின் அப்டேட்டோடுதான் வருகின்றன. இதே விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2023 செப்டம்பரில், வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைப் படிக்கும் நூலகத்தில், அதாவது பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில், ஒரு நினைவகக் குறை வெளிப்பட்டது. அந்த நூலகம் குரோமிலும் இருந்தது, ஃபயர்ஃபாக்ஸிலும் இருந்தது. குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் எத்தனையோ சாட், எடிட்டர் செயலிகளிலும் இருந்தது. பிரவுசரை மட்டும் புதுப்பித்துவிட்டு அந்தச் செயலிகளை விட்டுவைத்தவர்களிடம் ஓட்டை அப்படியேதான் இருந்தது.

"கடைசி நேரத்தில் எப்படியும் திருத்தம் கொடுத்துவிடுவார்கள்" என்று காத்திருப்பதும் ஒரு தவறு. இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. அதே மாதம் 26 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 முதல் 11 வரை எல்லாப் பதிப்புகளையும் பாதிக்கும் ஒரு குறை அறிவிக்கப்பட்டது. மே 1 அன்று வந்த திருத்தம், ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் சேர்த்தே வந்தது. பலர் இதையே வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2020இல் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் 7இன் ஆதரவு ஜனவரி 14இல் முடிந்தது. மூன்றே நாளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் புதிய குறை அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 11 அன்று திருத்தம் வந்தபோது, விண்டோஸ் 7இல் அது பணம் கட்டி நீட்டிப்பு வாங்கியவர்களுக்குத்தான்.

அந்த இடைப்பட்ட நாட்களில் இன்னொரு தவறும் நடந்தது. திருத்தம் வரும்வரை, பழைய ஸ்கிரிப்ட் நூலகக் கோப்பை யாரும் அணுக முடியாதபடி பூட்டி வைக்கும் தற்காலிக வழி ஒன்றை மைக்ரோசாஃப்ட் சொன்னது. தாக்கப்படும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் மட்டும் செய்தால் போதும், அப்டேட் போடுவதற்கு முன் பூட்டை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. எங்கோ படித்த கட்டளையை நகலெடுத்து ஓட்டிவிட்டு அப்படியே மறந்துபோனவர்களுக்கு, சில வேலைகள் நின்றதும் ஏன் என்றே புரியவில்லை. தற்காலிக வழியைச் செய்தால் என்ன மாற்றினீர்கள், எப்படித் திருப்புவது என்பதை உடனே எழுதி வையுங்கள்.

அப்புறம், பேட்ச் (திருத்தம்) வந்துவிட்டது என்ற செய்தியைப் படித்து ஆறுதல் அடைவதும் ஒரு தவறு. பேட்ச் வந்த நாளிலிருந்துதான் பழைய பதிப்புக்கு ஆபத்து கூடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டால் எந்த இடம் திருத்தப்பட்டது என்று தெரிந்துவிடும். அதை வைத்துத் தாக்குதலை உருவாக்கப் பலர் தயாராக இருக்கிறார்கள். எனவே வந்ததும் போட வேண்டும், போட்டதும் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். பல டேப்கள் திறந்திருக்கின்றன என்று வாரக்கணக்கில் ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடுபவர்களின் கணினியில், புதிய பதிப்பு வட்டில் தூங்கிக்கொண்டிருக்க, ஓடுவது பழைய நிரல்தான். பதிப்பு எண்ணையும் ஒரு முறை பாருங்கள். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 அவற்றில் ஏறாது. பிரவுசர் நன்றாக ஓடுவதால் அது புதியது என்று ஆகிவிடாது.

முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக் குறி, இணைப்பு மறையாக்கப்பட்டிருப்பதை (இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதை) மட்டும் சொல்லும். வந்து சேரும் நிரல் நல்லதா என்பதைச் சொல்லாது. ஆன்டிவைரஸ் தெரிந்த தாக்குதல்களில் சிலவற்றைத் தடுக்கும், ஓட்டையை அடைக்காது. பிரவுசர் தளங்களிடம் தன் பெயரையும் பதிப்பையும் வேறு மாதிரி சொல்லும்படி அமைப்பை மாற்றுவதும் ஓட்டையை அடைக்காது. ஆனால் அட்மின் கணக்கில் உலாவாமல் இருப்பது உண்மையிலேயே உதவும். நுழைந்த நிரல் உங்கள் கணக்கின் அதிகாரத்தோடுதான் ஓடும். அதிகாரம் குறைவாக இருந்தால் அது செய்யும் சேதமும் குறையும்.

"புதிய பிரவுசரிலும் மாதாமாதம் ஓட்டை வருகிறதே, அப்படியானால் எதற்கு மாற வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. குரோமியம் குழுவே 2020இல் வெளிப்படையாகச் சொன்னது: 2015 முதல் கண்டுபிடித்த 912 கடுமையான பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் நினைவகம் சார்ந்தவை. ஆனால் அந்தக் கணக்கு நமக்குத் தெரிவது, அவை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டதால்தான். தவிர, இன்றைய பிரவுசர்கள் பக்கத்தைக் கையாளும் பகுதியை சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது கணினியின் மற்ற பகுதிகளைத் தொட விடாத ஒரு தடுப்புக்குள், அடைத்து வைக்கின்றன. ஒரு குறை கிடைத்தாலும் தாக்குபவர் அந்தச் சுவரைத் தாண்ட இன்னொன்றைத் தேட வேண்டும். கைவிடப்பட்ட பிரவுசரில் கண்டுபிடிக்கப்படும் குறை யாராலும் அடைக்கப்படாமல் அப்படியே கிடக்கும்.

அலுவலக மென்பொருள் ஒன்று பழைய பிரவுசரில் மட்டும்தான் ஓடும் என்ற கட்டாயம் சிலருக்கு நிஜமாகவே இருக்கிறது. அதற்காக எல்லாக் கணினிகளிலும் பழையதை விட்டுவைக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக எழுதிய தளங்களை ஓட்டும் ஐஇ மோடை, பட்டியலில் சேர்த்த அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதியுங்கள். 2029 வரையாவது அதற்கு ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதுவும் முடியாது, பழைய இயங்குதளமே வேண்டும் என்றால், அந்த ஒரு கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அதற்குத் தேவையான சர்வரோடு மட்டும் இணைத்து வையுங்கள். அதில் மெயில் பார்க்க வேண்டாம், வெளியிலிருந்து வந்த ஆவணங்களைத் திறக்க வேண்டாம். அந்த மென்பொருளை மாற்றி எழுதித் தர ஒரு தேதியை இன்றே கேட்டு வாங்குங்கள்.