ஃபால்கன் 9 பயணத்துக்கு ஒரு கியூப்சாட்டைத் தயார் செய்வது எப்படி

கியூப்சாட் என்பது 10 செ.மீ. கனசதுர அலகுகளால் ஆன சிறு செயற்கைக்கோள். அதை ஏற்றிச்செல்லும் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டான ஃபால்கன் 9-இன் பூஸ்டர் (தரையிறங்கி மறுபடி பறக்கும் கீழடுக்கு) புதியதா, ஏற்கெனவே பறந்ததா என்பதால் செயற்கைக்கோள்காரர்களின் வேலை மாறுவதில்லை. 2021 ஜனவரி 24 அன்று 143 செயற்கைக்கோள்களுடன் கேப் கனாவெரலிலிருந்து கிளம்பிய டிரான்ஸ்போர்ட்டர்-1 பயணம் அந்த பூஸ்டருக்கு ஐந்தாவது. 2020 மே மாதம் இரண்டு விண்வெளி வீரர்களை மேலே அனுப்பியதும் அதேதான். கிளம்பிய இரண்டரை நிமிடத்தில் அது கழன்று தரையிறங்கத் திரும்பிவிடும். செயற்கைக்கோளோடு அதற்குள்ள உறவு அத்தோடு முடிந்தது.

மறுபயன்பாடு மாற்றியது விலையையும் கால அட்டவணையையும். பலரின் செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றும் கூட்டுப் பயணங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை போகின்றன, யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உங்கள் செயற்கைக்கோள் வந்து சேராவிட்டால் அந்த இடத்தில் அதே எடையில் ஒரு டம்மி ஏறும். எனவே கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: டிஸ்பென்சர் என்னும், மேலே போய் வெளியே தள்ளும் பெட்டிக்குள் போன பிறகு யாரும் தொடமுடியாது, வாரக்கணக்கில் அணைந்தே கிடக்கும், பிறகு தானாக விழிக்க வேண்டும். மூன்று அலகு சேர்ந்த 3யூ கியூப்சாட்டை வைத்தே பேசுவோம். 10 செ.மீ. சதுரம், 34.05 செ.மீ. நீளம். கியூப்சாட் விதிநூலின் இன்றைய பதிப்பு 6 கிலோ வரை அனுமதிக்கிறது. இந்த அளவில் பெரும்பாலும் ஸ்பேஸ்எக்ஸுடன் நேரடியாக ஒப்பந்தம் போடுவதில்லை. எக்ஸோலாஞ்ச், ஐசிஸ்பேஸ் போன்ற ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் டிஸ்பென்சரோடு இடத்தை விற்கின்றன. அவர்கள் தரும் இடைமுக ஆவணம் (செயற்கைக்கோள் டிஸ்பென்சரோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்ற விவரம்) விதிநூலோடு முரண்பட்டால் ஆவணம் சொல்வதே செல்லும்.

முதலில் ரெயில்கள், அதாவது டிஸ்பென்சருக்குள் சறுக்கும் மூலைச் சட்டங்கள். நான்கு மூலையிலும் குறைந்தது 8.5 மி.மீ. அகலம், வெளியளவு 100 மி.மீ., கூடக்குறைய 0.1 மி.மீ. பொருள் 6061 அல்லது 7075 அலுமினியம், மேலே ஹார்ட் அனோடைசிங் (மின்வேதி முறையில் வளர்க்கும் கடின ஆக்சைடு பூச்சு). பலர் சறுக்குவது இங்கேதான். அனோடைஸ் பூச்சில் சுமார் பாதி உலோகத்துக்கு வெளியே வளரும். 50 மைக்ரான் பூச்சு என்றால் பக்கத்துக்கு 25, எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்தால் 50 மைக்ரான். அனுமதித்த பிழையில் பாதி பூச்சிலேயே போய்விடுகிறது. பட்டறைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் 'பூச்சுக்குப் பின் அளவு' என்று எழுதுங்கள். கூட்டிய பிறகு மைக்ரோமீட்டரால் ரெயிலின் அடி, நடு, நுனி மூன்று இடத்திலும், இரண்டு திசையிலும் அளங்கள். தனித்தனித் தகடாகச் சரியாக இருந்தது, திருகி முடுக்கியதும் நடுவில் 0.15 மி.மீ. உப்பியிருக்கும். அனோடைஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் எர்த் இணைப்பு வரும் திருகு இடங்களை மறைத்துவிட்டே பூச்சுக்கு அனுப்ப வேண்டும்.

திருகுகளை டார்க் ரெஞ்சால் மட்டுமே முடுக்க வேண்டும். முடுக்கியதும் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள். அதிர்வுச் சோதனைக்குப் பின் கோடு விலகியிருந்தால் திருகு சுழன்றிருக்கிறது. கனெக்டர், உயரமான கெப்பாசிட்டர், இண்டக்டர் எல்லாவற்றையும் விண்வெளித் தர எப்பாக்சியால் அடியில் பிடிக்க வைக்கவும். சூப்பர் க்ளூ வேண்டாம். வெற்றிடத்தில் ஆவியாகிக் கேமரா லென்ஸிலும் சோலார் செல்லிலும் படியும். எந்தப் பொருளானாலும் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், குளிர்ந்த பரப்பில் படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பிவிசி ஒயர், கேட்மியம் பூச்சுத் திருகு இரண்டும் உள்ளே வரக்கூடாது. கடையில் வாங்கிய கேபிளில் பிவிசி ஒளிந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மின்சாரம். ராக்கெட்டில் ஏறும்போது செயற்கைக்கோள் முழுவதும் அணைந்திருக்க வேண்டும். ரெயில் நுனியிலோ பக்கத்திலோ உள்ள டிப்ளாய்மென்ட் சுவிட்ச் டிஸ்பென்சருக்குள் அழுந்தியிருக்கும். வெளியே தள்ளப்பட்டதும் விடுபட்டு பேட்டரியை இணைக்கும். அதற்கு மேல் பூட்டாக, பறப்பதற்கு முன் உருவி எடுக்கும் சிவப்பு நாடா கட்டிய ஊசி. சுவிட்ச் அணைந்த நிலையில் எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்று மைக்ரோஆம்ப் மீட்டரில் அளந்தே ஆக வேண்டும். 100 மைக்ரோஆம்ப் என்றால் 60 நாளில் 144 மில்லிஆம்ப்-மணி, பரவாயில்லை. 1 மில்லிஆம்ப் என்றால் 1,440. ஒரு சாதாரண 18650 உருளை லித்தியம் செல்லின் கொள்ளளவில் பாதிக்கும் மேல். ஏவுதல் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்த பேட்டரியில் பெரும்பகுதி காலியாகிவிடும். ஒருங்கிணைப்புக்குப் பிறகு சார்ஜ் ஏற்ற வாய்ப்பிருக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள்.

டைமர்கள்: வெளியேறி 30 நிமிடம் கழித்தே ஆன்டெனா விரியலாம், 45 நிமிடம் கழித்தே சிக்னல் அனுப்பலாம். சுவிட்ச் ஒரு கணம் விடுபட்டு மறுபடி அழுந்தினால் டைமர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆன்டெனாவைக் கட்டிவைக்கும் நூலுக்கு டைனீமா நல்லது; மீன்பிடி நைலான் நாள்பட இழுபட்டுத் தளர்ந்துவிடும். நூலைச் சுடும் ரெசிஸ்டர் இரண்டு இருக்கட்டும். வெற்றிடத்திலும், மைனஸ் 20 டிகிரி குளிரிலும் சுட்டுப் பாருங்கள், மேசை மேல் மட்டும் அல்ல. இன்னொரு பொறி ஃபர்ம்வேரில், அதாவது செயற்கைக்கோளின் உள் மென்பொருளில் இருக்கிறது. 'ஆன்டெனா விரிந்தாயிற்று' என்ற குறிப்பை, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவைப்பார்கள். தரைச் சோதனையில் அது எழுதப்படும், யாரும் அழிக்கமாட்டார்கள். மேலே போன செயற்கைக்கோள் நூலைச் சுட முயலவே முயலாது. அந்தக் குறிப்பை நம்பாமல், தரையிலிருந்து நிறுத்தச் சொல்லும்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சுடும்படி எழுதுவதே பத்திரம்.

அதிர்வுச் சோதனையை டிஸ்பென்சர் போன்ற சோதனைப் பெட்டிக்குள் வைத்துச் செய்ய வேண்டும். இடைமுக ஆவணம் தனி அளவு தராவிட்டால் நாசாவின் பொதுத் தர அளவைப் பிடித்துக்கொள்ளலாம்: தகுதிச் சோதனைக்கு 14.1 ஜிஆர்எம்எஸ் (அதிர்வின் சராசரி வலிமை, புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கில்). பறக்கப்போகும் ஒரே பிரதியைத்தான் ஆட்டுகிறீர்கள் என்றால் அதே அளவில் அச்சுக்கு ஒரு நிமிடம். ஒவ்வொரு அச்சிலும் முதலில் மெல்லிய சைன் ஸ்வீப் (அதிர்வெண்ணைச் சீராக மாற்றிக்கொண்டே ஆட்டுவது), பிறகு ரேண்டம் (பல அதிர்வெண்களைக் கலந்து ஆட்டுவது), பிறகு மறுபடி சைன் ஸ்வீப். முன்பின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். முதல் இயல்பதிர்வெண் (அமைப்பு தானாக அதிரும் அதிர்வெண்) 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் அணைந்த நிலையிலேயே ஆடட்டும், பூட்டு ஊசி உருவியிருக்கட்டும். முன்னும் பின்னும் பூட் எண்ணிக்கையை, அதாவது உள்ளிருக்கும் கணினி எத்தனை முறை தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கூடியிருந்தால் ஆட்டத்தில் சுவிட்ச் விடுபட்டிருக்கிறது. ராக்கெட் மேலேறும்போதும் அதுவே நடக்கும். ஸ்பிரிங்கை மாற்றியோ சுவிட்சின் அழுத்த ஆழத்தைக் கூட்டியோ சரிசெய்துவிட்டு, மறுபடி ஆட்டிப் பாருங்கள்.

பிறகு வெற்றிட பேக்-அவுட், அதாவது ஆவியாகக் கூடியதை முன்பே வெளியேற்றும் சூடாக்கல்: 70 டிகிரியில் 3 மணி நேரம், பேட்டரி அதைத் தாங்காது என்றால் 60 டிகிரியில் 6 மணி நேரம்.

காகித வேலையை ஓராண்டுக்கு முன்பே தொடங்கினாலும் சீக்கிரம் என்று சொல்லமுடியாது. அமெச்சூர் அலைவரிசை என்றால் சர்வதேச அமெச்சூர் வானொலிச் சங்கமான ஐஏஆர்யூவின் ஒருங்கிணைப்பு. எதுவானாலும் உங்கள் நாட்டு அரசு வழியாக சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவுக்குத் தாக்கல். இந்திய நிறுவனம் வெளிநாட்டு ராக்கெட்டில் ஏற்றினாலும் இந்திய அரசின் விண்வெளி அனுமதி அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி வேண்டும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2022 செப்டம்பரில், செயற்கைக்கோள் பணி முடிந்து 5 ஆண்டுக்குள் வளிமண்டலத்துக்குள் விழ வேண்டும் என்று விதித்தது. 500 கிலோமீட்டர் உயரத்தில் 3யூ தானாகவே சில ஆண்டுகளில் இறங்கிவிடும். 600ஐ நெருங்கினால் சூரியச் செயல்பாட்டைப் பொறுத்துப் பத்தாண்டைத் தாண்டவும் கூடும். உயரம் முடிவாகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். உரிமம் கையில் இல்லாத செயற்கைக்கோளை ஏற்றமாட்டார்கள்.

அனுப்பும்போது லித்தியம் பேட்டரிக்கு ஐ.நா. 38.3 சோதனைச் சான்று வேண்டும். விமானத்தில் தனியாகப் போகும் செல்களின் சார்ஜ் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே சார்ஜரையும் கூடவே அனுப்பி, ஒருங்கிணைப்புக் கூடத்தில் முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். அங்கே செய்ய வேண்டியவை சில மணி நேர வேலைதான்: கண்ணால் சோதனை, எடை, சார்ஜ், ஃபிளாஷ் குறிப்புகளை அழித்தல், பூட்டு ஊசியை உருவுதல், உள்ளே தள்ளுதல். புது ஃபர்ம்வேரை அன்றைக்கு ஏற்றுவது தற்கொலை. ஃபால்கனில் ஃபேரிங் (ராக்கெட்டின் முனைக் கூடு) மூடியபின் மொத்த அடுக்கும் படுக்கவைக்கப்பட்டு, கிடைமட்டமாகத்தான் ராக்கெட்டோடு சேர்க்கப்படுகிறது. நிமிர்ந்து நிற்கும்போது மட்டும் சரியாக அமரும் சுவிட்சோ தொங்கும் கேபிளோ இருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும்.

பிரிந்த பிறகு உடனடிச் சிக்கல், நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களில் எது உங்களுடையது என்பது. ஏவியவர் தரும் பிரிவு நிலைத் தரவை வைத்தே முதல் சில சுற்றுகளுக்கு ஆன்டெனாவைத் திருப்புங்கள். பொதுவில் வரும் சுற்றுப்பாதைத் தரவில் பெயர்கள் பல நாள், சில சமயம் பல வாரம் குழம்பியே இருக்கும். 437 மெகாஹெர்ட்ஸில் டாப்ளர் நகர்வு (செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறுவது) கூடக்குறையச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். பதிவுசெய்த சிக்னலின் டாப்ளர் வளைவை அருகிலுள்ள ஒவ்வொரு பொருளின் தரவோடும் ஒப்பிட்டால், நேரம் சில நொடி கூட விலகாமல் பொருந்துவதே உங்களுடையது. சிக்னலே கேட்கவில்லை என்றால் மௌனமாகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பாஸிலும் (அது உங்கள் வானத்தைக் கடக்கும்போதெல்லாம்), டாப்ளர் வீச்சு முழுவதும் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஆன்டெனா விரிக்கும் கட்டளையைக் குருட்டாம்போக்கில் அனுப்பிக்கொண்டே இருங்கள்.