லாங் டபுள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல

சி, சி++ எழுதுகிறவர்கள் துல்லியம் போதவில்லை என்றால் உடனே, புள்ளி வைத்த எண்களை வைக்கும் டபுள் வகையை அதன் பெரிய வடிவமான லாங் டபுளாக மாற்றிவிடுகிறார்கள். இன்டெல் கணினியில் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர் என்றால் இதற்குப் பலன் உண்டு: 53 பிட் மான்டிசா (எண்ணின் இலக்கங்களை வைத்திருக்கும் பகுதி) 64 பிட்டாகும். அதே நிரலை விண்டோஸில் விசுவல் சி++ கொண்டு கம்பைல் செய்தால் ஒரு பிட்கூட அதிகமாகாது. அங்கே லாங் டபுளும் டபுளும் ஒரே அளவுதான். ஆப்பிளின் எம்1 மேக்கிலும் அப்படியே. கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தராது. லாங் டபுள் டபுளை விடக் குறையக்கூடாது என்று மட்டும்தான் சி தரநிலை கேட்கிறது.

சரி, ஒரு வகை எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது அடுத்த தவறு. 64 பிட் இன்டெல் லினக்ஸில் விடை 16 பைட். ஆர்ம்64 லினக்ஸிலும் 16 தான். ஆனால் முதலாவதில் 10 பைட்டில்தான் எண் இருக்கிறது, மீதி 6 பைட் வெறும் நிரப்பு; அதில் என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவதில் 16 பைட்டும் எண்தான், மான்டிசா 113 பிட். பெரும்பாலும் மென்பொருள் வழியாகவே கணக்கிடுவதால் வேகம் நன்றாகவே குறையும். எனவே லாங் டபுளை அப்படியே பைனரி கோப்பில் எழுதுவதும், பைட் பைட்டாகப் பார்க்கும் மெம்கம்ப் கொண்டு ஒப்பிடுவதும் வேண்டவே வேண்டாம். துல்லியம் தெரிய வேண்டுமானால் ஃப்ளோட்.ஹெச் கோப்பில் மான்டிசா பிட்டுகளைச் சொல்லும் மாறிலியைப் பாருங்கள். அது போதாத இடத்தில் கம்பைல் ஆகாமலே நிற்கும்படி ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் வைத்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்தாக எனக்குப் படுவது, வகையை மாற்றாமலே விடை மாறும் இடம். எக்ஸின் வர்க்கத்திலிருந்து ஒய்யின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுக்கிறீர்கள். இரண்டும் சமம் என்றால் 0 வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையில் முடிக்கும் எஃப்எம்ஏ ஆர்ம்64 செயலிகளில் எப்போதும் உண்டு. ஆப்டிமைசேஷன் போட்டிருந்தால், நீங்கள் கேட்காமலே ஜிசிசி அதைப் பயன்படுத்தும். அப்போது ஒரு வர்க்கம் முழுமைப்படுத்தப்பட்டிருக்கும், மற்றொன்று முழுமைப்படுத்தாமல் துல்லியமாக இருக்கும். வித்தியாசம் மிகச் சிறிய எதிர்ம எண்ணாக வரலாம். வர்க்கமூலம் நேன், அதாவது ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பு, ஆகிவிடும். இன்டெல்லில் வழக்கமான அமைப்பில் எஃப்எம்ஏ கட்டளை உருவாகாது என்பதால், இந்தக் கணினியின் செயலிக்கென்றே கம்பைல் செய்யச் சொல்லும் மார்ச்=நேட்டிவ் போடும்வரை பிழை தலைகாட்டாது. இந்த மாதிரி இடங்களில், இப்படிச் சேர்ப்பதைத் தடுக்கும் எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் என்று கம்பைலருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் ஃபாஸ்ட்-மேத் என்ற கம்பைலர் தேர்வு. வேகத்துக்காக இதைப் போட்டால், நேன் என்ற ஒன்றே வராது என்று கம்பைலர் வைத்துக்கொள்ளும். நேனா என்று பார்க்க நீங்கள் எழுதிய இஸ்நேன் சோதனையையே அது தூக்கிவிடலாம். மேலே சொன்ன நேன் யார் கண்ணிலும் படாமல் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய மின்னணுப் பலகையில் (ஆர்3 வரையிலான பழைய வடிவங்களில்) எழுதுபவர்களுக்கு இன்னொன்று: அங்கே டபுள் என்பதே 4 பைட்தான். ஏழு இலக்கத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது.