ஹாம்லெட் வேஷம் கட்டப் போறீங்களா, யாரை எங்க நம்பணும்னு முதல்ல பழகுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்து கோயில் மண்டபத்துல பசங்கள வச்சு ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்த தமிழ்ல போட்டோம், அதுல ஹாம்லெட்டா நடிச்ச தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தத இங்க எழுதி வைக்கிறேன், நீங்களும் போடப் போறீங்கன்னா உதவும்.

மொதல்ல, அவன கோழையா நடிக்காதீங்க. எங்க தம்பி மொத வாரம் பூரா அழுதுக்கிட்டே இருந்தான், பாக்க பாவமா இருந்துச்சு அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க, செத்துப்போன அப்பா ராத்திரியில ஆவியா வந்து, தோட்டத்துல தூங்கிக்கிட்டிருந்தப்ப உன் சித்தப்பன்தான் என் காதுல விஷத்த ஊத்துனான்னு சொல்லுது, அந்த சித்தப்பன் இப்ப ராஜா, அம்மாவையும் கட்டிக்கிட்டான். அப்பா உருவத்துல ஏதாச்சும் பேய் வந்து நம்மள ஏமாத்துதோன்னு இவனுக்கு சந்தேகம். தோட்டத்து லயத்து வீடுகள்ல வளந்தவங்களுக்கு இத வெளக்கவே வேணாம், சாமி இறங்குனாகூட யாரு வந்திருக்குறதுன்னு கேட்டுட்டுதான் நாம கையெடுத்து கும்பிடுவோம். அதுக்குத்தான் அதே மாதிரி ஒரு கொலைய ராஜா முன்னால நடிக்க வைக்கிறான். அப்ப நீங்க மேடைய பாக்கக் கூடாது, சித்தப்பன் மூஞ்சிய மட்டும் பாருங்க. கூட்டாளி ஹொரேஷியோவையும் பாத்துக்கடான்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்கான், தன் கண்ணையே அவன் முழுசா நம்பல.

சந்தேகத்த காட்ட தூரம் போதும். பழைய பெரட்டுக்களத்துல, அதான் தோட்டத்து ஆளுங்க வேலைக்கு முன்னாடி பேரு கொடுக்க கூடுற எடத்துல, சுண்ணாம்பு கோடு போட்டு பழகுனோம். ஹொரேஷியோகிட்ட தோள் இடிக்கிற மாதிரி நில்லுங்க. கூடப் படிச்ச ரெண்டு பேரு வந்தா ஓடிப்போய் கட்டிப்புடிங்க, ஆனா யாரு அனுப்பி வந்தீங்கன்னு கேட்டதும் அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க பாருங்க, அப்ப பின்னால ஒரே ஒரு அடி. அவன் காதலிச்ச ஒஃபீலியாகூட பேசுறப்ப ராஜாவும் அவ அப்பாவும் மறைஞ்சு கேக்குறாங்கன்னு அவனுக்கு தெரியுமான்னு ஷேக்ஸ்பியர் வெளிப்படையா எழுதல, நீங்கதான் முடிவு பண்ணணும், நாங்க பாதியில தெரிஞ்சுடுதுன்னு வச்சோம்.

இப்ப பிரார்த்தனை காட்சி, எனக்கு நாடகமே இதுதான். சித்தப்பன் தனியா மண்டி போட்டு கும்பிடுறான், முதுகு இவன் பக்கம், கத்தி கையில, ஒரே வெட்டுல முடிஞ்சுரும். ஆனா கும்பிடுறப்ப கொன்னா நேரா சொர்க்கத்துக்கு போயிடுவானே, எங்கப்பாவுக்கு பாவமன்னிப்பு கேக்கக்கூட நேரம் கிடைக்கலியேன்னு விட்டுட்டுப் போயிடுறான். இவன் போனதுக்கப்புறம்தான் சித்தப்பன் எந்திரிச்சு, கும்பிட்டதுல மனசே இல்லன்னு ஒத்துக்குறான்! ஆவியவே சந்தேகப்பட்ட பையன் அந்த கும்பிட மட்டும் நெசம்னு நம்பிட்டான் பாருங்க, அவன் பலவீனம் எனக்கு அங்கதான் தெரியுது. எங்க கத்தி அட்டையில செஞ்சது, கனமே இல்லாததால தம்பிக்கு கை ஓங்கி நிக்கறது சும்மா வெளையாட்டு மாதிரி இருந்துச்சு, உள்ள இரும்புக் கம்பி வச்சு கட்டிக் கொடுத்தேன், வசனம் முடியறதுக்குள்ள கை தானா தாழ்ந்துச்சு, மணிக்கட்டுல நரம்பு தெரிஞ்சுச்சு, அத அப்படியே வச்சுக்கிட்டோம்.

அடுத்து அம்மா அறையில திரைக்குப் பின்னால சத்தம் கேட்டதும் யாருன்னு பாக்காமலே குத்துறான், செத்தது ஒஃபீலியாவோட அப்பா. முன்னாடி எந்த உயரத்துல கை நின்னுச்சோ அங்கேருந்தே குத்துங்க.

ஒஃபீலியாவோட கூடப்பொறந்த லேர்ட்டீஸா நடிக்கிறவனுக்கு பெரிய குரல் வேணும். அவனுக்கும் அப்பாவ கொன்னுட்டாங்க, கூட்டத்தோட கதவ ஒடச்சுக்கிட்டு வர்றான், ஆனா ராஜா சொன்னத அப்படியே நம்பி விஷக் கத்திய கையில எடுத்துக்குறான்.

முழுசா போட்டா நாலு மணி நேரம் இழுக்கும், வெட்டித்தான் ஆகணும், லேர்ட்டீஸோட போடுற கடைசி சண்டைக்கு ஹாம்லெட் கத்தி எடுக்கிற எடத்த மட்டும் வெட்டாதீங்க. எல்லாம் ஒரே நீளம்தானேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு சோதிச்சுப் பாக்காமலே எடுத்துக்குவான். அந்த நேரம் கத்திய பாக்காத, லேர்ட்டீஸ் கண்ண பாத்து எடுடான்னு தம்பிகிட்ட சொன்னேன்.