முதல் காது கேட்கும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்

காது கேட்கும் கருவி வாங்கச் செல்பவர்களில் பலர் முதலில் பார்ப்பது அதன் அளவைத்தான். ஆனால், காதுக்குழாய்க்குள் முழுவதும் மறைந்துவிடும் கருவிகள் பெரும்பாலும் 10 என்ற எண்ணுள்ள மிகச் சிறிய பேட்டரியில் இயங்குவதால், விரல் நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களுக்கு அதை மாற்றுவதே பெரும்பாடாகிவிடும். காதுக்குப் பின்னால் அமரும், சார்ஜ் செய்யக்கூடிய வகையையும் அணிந்து பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்பதை மருத்துவரிடம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காதில் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்திருந்தால், கருவியைத் தேடாமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

எந்த நிறுவனத்தின் கருவி என்பதைவிட, அதை யார் எப்படிப் பொருத்துகிறார் என்பதே முக்கியம் என்பேன். காதுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, செவிப்பறையின் அருகே ஒலி உண்மையில் எவ்வளவு எட்டுகிறது என்று அளந்து, உங்கள் ஆடியோகிராமுக்கு (கேட்கும் திறன் சோதனையின் வரைபடத்துக்கு) ஏற்பச் சரிசெய்வார்களா என்று கேளுங்கள். இரு காதுகளிலும் குறைபாடு இருந்தால் இரண்டுக்கும் கருவி அணிவது, இரைச்சலான இடத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளவும் ஒலி வரும் திசையை அறியவும் உதவும்.

தொடக்கத்தில் சொந்தக் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கலாம். பழக்கப்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால், திருப்பித் தரும் அவகாசம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.