எழுவான்கரை மணலில் புதினா வளர்க்க

புதினாவை நட்டுவிட்டால் போதும், அது தன்பாட்டில் படரும் என்று சொல்வார்கள். மலைநாட்டுக் குளிருக்கு அது சரி. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எங்கள் எழுவான்கரை மணலில், கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆனி ஆடியில், காலையில் பச்சையாக நின்ற செடி பின்னேரம் சுருண்டு கிடக்கும். என் வளவில் இரண்டு தரம் அப்படிப் போனபிறகு நிலத்தில் நடுவதை விட்டுச் சாடிக்கு மாறினேன். வெயிலுக்கும் மழைக்கும் இடம் மாற்றலாம் என்பதுதான் காரணம்.

விதை தேடி அலைய வேண்டாம், சந்தையில் கறிக்கு வாங்கும் கட்டே போதும். வாடாத, தடித்த தண்டுகள் நாலைந்தை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி ஒரு கிளாசில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தண்டும் அழுகாது, நுளம்பும் பெருகாது. 7 முதல் 10 நாளில் வெள்ளை வேர் வரும், அது ஓர் அங்குலம் நீண்டதும் நடலாம்.

சாடிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் புதினா பக்கவாட்டில் ஓடித்தான் பெருகும். பழைய பிளாஸ்டிக் பேசின் இருந்தால் அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டு எடுங்கள். வளவு மணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு (தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்) ஒரு பங்கு. தும்புச்சோற்றில் உப்பு இருக்கலாம், ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவும். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், வேர் வெந்துபோகும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிமண் என்றால் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காலை வெயில் நாலு மணித்தியாலம், அப்புறம் நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் அதற்குத் தோதானது. மேற்குச் சுவரோரம் வைத்தால் சீமெந்துச் சூடே செடியைக் கொன்றுவிடும். கிணற்றடியும் நல்ல இடம்தான், சவர்க்காரத் தண்ணீர் ஓடும் பக்கமாக இல்லாவிட்டால்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் பக்கத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வாவியை அண்டிய வீடுகளில் கோடை முற்றும்போது கிணறு உவர்க்கத் தொடங்கும், புதினா இலையின் ஓரம் கபில நிறமாகக் காயும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உவர்த் தண்ணீரை இன்னும் இரண்டு வாளி ஊற்றுவோம், உப்பு சாடியில் சேர்ந்துகொண்டே போகும். நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். அரிசி கழுவின தண்ணீர், சேமித்த மழைத்தண்ணீர் எதுவென்றாலும் சரி. கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைச் சாடியின் அடியால் வழிந்தோடும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்புக் கழுவிப்போகும். கச்சான் காலத்தில் காலையும் மாலையும், மற்றக் காலத்தில் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

ஐப்பசியில் மாரி தொடங்கினால் கவலை நேர்மாறு. சாடியைத் தாவாரத்துக்குள் தள்ளி, இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். தண்டின் அடி கறுத்தால் அது அழுகல். அந்தச் செடியைக் காப்பாற்றப் பாடுபடாமல் நல்ல நுனிகளை வெட்டி மறுபடி கிளாசில் வைத்துவிடுங்கள்.

பறிக்கும்போது தனி இலையாகக் கிள்ளாதீர்கள். அடியில் இரண்டு மூன்று கணுவை விட்டு, அதற்கு மேலே தண்டோடு வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வரும். பூமொட்டுக் கண்டால் உடனே கிள்ளுங்கள், பூத்தால் இலை குறைந்து வாசமும் மங்கும்.

வறண்ட காற்றில் இலையின் அடிப்பக்கம் சிற்றுண்ணி பிடிக்கும், இலை வெளிறிப் புள்ளி விழும். முதலில் தண்ணீரை வேகமாக இலையின் கீழ் அடியுங்கள், அனேகமாக அதிலேயே போய்விடும். போகாவிட்டால் ஒரு லீட்டர் தண்ணீரில் 5 மில்லிலீட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம்.

மாசியில் மழை விட்டதும் சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள், வேர் பின்னிக்கிடக்கும். நடுவிலுள்ள முற்றின கட்டையை எறிந்துவிட்டு, ஓரத்தில் படர்ந்தோடும் இளம் தண்டுகளைப் புது மண்ணில் நடுங்கள். கச்சான் வருவதற்குள் வேர் பிடிக்க அவற்றுக்கு மூன்று மாதம் இருக்கும்.